பிரியோஷ் ஸ்வெட்டர்: 102 செ.மீ. கணக்குப் போட்டால் 116 வந்து நிற்கிறது, எங்கே தப்பு?

லவ்டேல்_ஊசி

வணக்கம் தோழிகளே. வீட்டுக்காரருக்கு ஒரே நிறத்தில் பிரியோஷ் (மேடும் பள்ளமுமாகப் பஞ்சு மாதிரி வரும் கைப்பின்னல்) ஸ்வெட்டர். முன், பின், இரண்டு கை என்று தனித்தனியாகப் பின்னி இணைத்தது. தோள் இறங்கிய மாடல், ஆர்ம்ஹோல் வளைவு எதுவும் இல்லை. விவரம் முழுக்கத் தருகிறேன், தப்பு எங்கே என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சட்டைக்கு மேல் டேப் வைத்து எடுத்த மார்புச் சுற்று 96 செ.மீ. ஸ்வெட்டர் 102 வரவேண்டும் என்று முடிவு. நூல் மெரினோ, மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்டிருக்கிறது. ஊசி 4 மி.மீ. சாம்பிள் துண்டு ஊசியில் இருக்கும்போதே அளந்தேன்: 10 செ.மீ.க்கு 17 ஸ்டிச், நீளவாட்டில் 21.5 'வி' (மேட்டுக் கோட்டில் ஆங்கில V மாதிரி தெரியும் ஸ்டிச்). ஒரு பக்கத்துக்கு 51 செ.மீ., ஆக 87 ஸ்டிச், ஓரத்துக்கு 2 சேர்த்து 89. நீளம் 62 வேண்டும் என்று 133 'வி' வரை பின்னினேன். கை 54 செ.மீ. கீழே பார்டர் கிடையாது, காஸ்ட் ஆன் (ஊசியில் முதல் ஸ்டிச்களைப் போடுவது) முடிந்ததுமே பிரியோஷ்தான்.

துவைத்து, இணைத்து, போட்டுப் பார்த்தால்: முன்பக்கம் 58 செ.மீ. அகலம், அதாவது சுற்றளவு 116. நீளம் 72. கை 63 ஆகி விரல்களின் பாதி வரை மூடுகிறது. அடிப்பக்கம் பாவாடை மாதிரி விரிந்து நிற்கிறது.

ஸ்டிச் எண்ணிக்கையை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன், அதில் தவறில்லை. இதைத் துவைத்துச் சுருக்க முடியுமா, பிரிக்கத்தான் வேண்டுமா? பிரித்தால் எத்தனை ஸ்டிச் போடுவது?

குன்னூர்_கம்பளி

உங்கள் பெருக்கல் சரிதான் அக்கா. பெருக்கிய எண்தான் தப்பு. 87-ஐ 58-ஆல் வகுத்துப் பாருங்கள், செ.மீ.க்கு 1.5 ஸ்டிச். துவைத்தபின் உங்கள் உண்மையான கேஜ், அதாவது 10 செ.மீ.க்குள் வரும் ஸ்டிச் கணக்கு, 15. நீங்கள் பயன்படுத்தியது 17. நீளத்திலும் அப்படியே: 133 'வி' 72 செ.மீ. ஆகியிருக்கிறது, அதாவது 10 செ.மீ.க்கு 18 அரை. நீங்கள் எடுத்தது 21 அரை.

காரணம் பிரியோஷின் கட்டுமானத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டிச்சும் ஒரு ஓட்டத்தில் (வரிசையில்) பின்னாமல் நகர்த்தப்பட்டு, மேலே ஒரு நூல் சால்வை போல விழுகிறது. அடுத்த ஓட்டத்தில்தான் இரண்டும் சேர்த்துப் பின்னப்படுகின்றன. அந்தச் சால்வை நூல் இரு பக்கத்துக் கோடுகளையும் தள்ளி வைக்கிறது. அதனால்தான் அகலம், அதனால்தான் பஞ்சு மாதிரி இருக்கிறது. ஊசியில் இருக்கும்வரை இந்த நூல்கள் நெருக்கியடித்து நிற்கும். தண்ணீர் பட்டதும் தளர்ந்து அவரவர் இடத்தில் உட்காரும். ஸ்டாக்கினெட் என்ற சாதாரணப் பின்னலுக்கு ஊசியோடு அளந்தால் கொஞ்சம்தான் பிசகும். பிரியோஷுக்கு அது அளவே இல்லை.

இன்னொன்று. இந்தத் துணி ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி மாதிரி. அகலத்தில் இழுத்தால் நீளம் குறையும், நீளத்தில் தொங்கினால் அகலம் குறையும். எனவே எந்த நிலையில் அளந்த கேஜ் என்று சொல்லாமல் ஒரு எண்ணைச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. நான் பிடிக்கும் முறை: அகலத்துக்கு, துவைத்து மட்டமாகக் காய்ந்த துண்டின் அளவு. நீளத்துக்கு, அதே துண்டைத் தொங்கவிட்டு எடுத்த அளவு. ஆள் போடும்போது மார்பும் தோளும் அகலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நீளத்தைப் பிடிக்க யாரும் இல்லை. அதனால்தான் இரண்டுக்கும் இரண்டு அளவு.

துண்டு பெரியதாக இருக்கட்டும். உங்கள் நூலுக்கு ஓரம் உட்பட 37 ஸ்டிச், 25 செ.மீ. உயரம். முழுச் சட்டையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, பிழிந்து, துண்டில் சுருட்டி அழுத்தி, இழுக்காமல், குண்டூசி குத்தாமல் மட்டமாகப் போடுங்கள். முழுக்கக் காயட்டும். ஆடியில் ஊட்டிப் பக்கம் மூன்று நாள்கூட ஆகும். கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். அவசரப்பட்டு அளக்காதீர்கள்.

காய்ந்தபின் ஓரத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி, நடுவில் 20 செ.மீ. தூரத்தில் எண்ணுங்கள். 10 செ.மீ. போதாது. அரை ஸ்டிச் கூடக்குறைய எண்ணிவிட்டால் என்ன ஆகும் பாருங்கள்: 15 என்றால் 77 ஸ்டிச் 51.3 செ.மீ., 15 அரை என்றால் 49.7. இரண்டு பக்கமும் சேர்த்து 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம். ஒரு சைஸே மாறிவிடும்.

எண்ணும்போது மூன்று இடத்தில் ஏமாறுவார்கள். வெளியே தெரியும் மேட்டுக் கோடுகளை மட்டும் எண்ணினால் பாதிதான் வரும், இடையில் பள்ளத்தில் ஒளிந்திருக்கும் பர்ல் கோடுகளும் ஸ்டிச்தான். 20 செ.மீ.க்கு 15 மேடு என்றால் 30 ஸ்டிச். ஊசியில் எண்ணும்போது நேர்மாறாக, மேலே விழுந்த சால்வை நூலைத் தனி ஸ்டிச்சாக எண்ணக்கூடாது, அடியிலிருக்கும் ஸ்டிச்சோடு சேர்த்து ஒன்று. நீளத்தில் ஒரு 'வி' என்பது இரண்டு ஓட்டம். பேட்டர்னில் '10 செ.மீ.க்கு 40 வரிசை' என்றிருந்தால் அது உங்கள் கண்ணுக்கு 20 'வி'. இதைக் குழப்பிக்கொண்டு இரண்டு மடங்கு நீளத்துக்குப் பின்னியவர்கள் உண்டு.

தொங்கவிடுவதற்கு எவ்வளவு பாரம்? கண்ணை மூடிக்கொண்டு கிளிப் மாட்ட வேண்டாம், கணக்கு இருக்கிறது. உங்கள் நூலில் 25க்கு 25 துண்டு சுமார் 34 கிராம் வரும் என்று வைத்துக்கொள்வோம். 51க்கு 62 முன்பக்கம் அப்போது 172 கிராம். அதில் 25 செ.மீ. அகலத்தின் பங்கு 84 கிராம். தோளுக்கு அருகில் இந்த 84-ம் தொங்கும், அடி ஓரத்தில் எதுவும் தொங்காது. சராசரி 42. துண்டு தன் சொந்த எடையில் பாதியை, அதாவது 17 கிராமை, தானே சுமக்கிறது. மீதி 25 கிராம்தான் நீங்கள் மாட்ட வேண்டியது. கீழ் ஓரத்தில் ஒரு ஊசியை வரிசையாகக் கோத்து, பாரத்தை அதன் நடுவில் கட்டுங்கள். ஒரே இடத்தில் கிளிப் போட்டால் அந்த இடம் மட்டும் மூக்கு மாதிரி நீளும். ஒரு இரவு தொங்கட்டும், தொங்கும்போதே 'வி' எண்ணுங்கள்.

பிரித்துவிட்டுத் திரும்பப் போடுவதானால்: 51 பெருக்கல் 1.5, 76 அரை. ஒற்றைப்படையாக 77, ஓரம் 2, மொத்தம் 79. தையலில் ஓர ஸ்டிச் உள்ளே போய்விடும், அதை அகலக் கணக்கில் சேர்க்காதீர்கள். 89-க்குப் பதில் 79. பத்தே ஸ்டிச்தான், ஆனால் சுற்றளவில் 13 செ.மீ.

வட்டக்கானல்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் 79 போடுவதற்கு முன் ஊசியை யோசியுங்கள். இந்த நூலுக்கு லேபிளில் என்ன ஊசி போட்டிருக்கிறது? 4 அல்லது 4.5 என்றால், பிரியோஷுக்கு அதைவிட ஒன்றிரண்டு சைஸ் இறங்க வேண்டும். 3.5-ல் பின்னிய துணி கெட்டியாக நிற்கும், துவைத்தபின் விரிவதும் தொங்குவதும் குறையும். 17-லிருந்து 15-க்குப் போயிருப்பதே துணி தொளதொளவென்று இருப்பதன் அடையாளம்.

மெஷினில் துவைக்கலாம் என்ற மெரினோதான் இதில் பெரிய வில்லன். மெரினோ இழையின் மேல் மீன் செதில் மாதிரி செதில்கள் உண்டு. இங்கே கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கிறார்களே பாரத் மெரினோ, அந்த ஆட்டின் உடம்பில் இருக்கும் கம்பளியை விரலில் உருட்டினால் ஒன்றையொன்று கவ்வுவது தெரியும். செதில் இருப்பதால்தான் கவ்வுகிறது, அதனால்தான் வெந்நீரில் சுருங்கிக் கட்டிதட்டுகிறது. சுருங்காமல் இருக்க, செதிலை அமிலக் குளோரின் முறையில் மழுக்கி மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு கொடுக்கிறார்கள். சுருங்காது, ஆனால் கவ்வவும் கவ்வாது. ஈரமானதும் இழைகள் வழுக்கி நீளும். அதனால் 'துவைத்துச் சுருக்க முடியுமா' என்ற உங்கள் கேள்விக்கு, இந்த நூலில் முடியாது. பூச்சு இல்லாத கம்பளி என்றாலும் செய்யக்கூடாது, அது நாம் நினைத்த அளவுக்குச் சுருங்காது, கட்டிதட்டிப் போகும்.

அக்ரிலிக் என்றால் கதை வேறு. லூதியானா அக்ரிலிக்தான் நம் மலைக் கடைகளில் அதிகம் கிடைப்பது. தண்ணீரில் அவ்வளவு மாறாது, ஆகவே துவைத்த கேஜும் துவைக்காத கேஜும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். ஆனால் இழுத்தால் திரும்பி வரும் ஸ்பிரிங் குறைவு. முழங்கை மடிப்பில் பை விழும். இஸ்திரிப் பெட்டியின் ஆவி மட்டும் காட்டிவிடாதீர்கள். அக்ரிலிக் சூட்டில் இளகி அப்படியே நீண்ட நிலையில் நின்றுவிடும், பிரியோஷின் மேடு பள்ளம் தட்டையாகிவிடும், திரும்ப வராது. பருத்தி நூலில் பெரியவர் ஸ்வெட்டர் அளவுக்குப் பிரியோஷ் வேண்டவே வேண்டாம். கனம் அதிகம், இழுவை மீளாது.

ஊசி நம்பர் பற்றி ஒரு எச்சரிக்கை. நீங்கள் மி.மீ.யில் சொல்லியிருப்பதால் தப்பித்தீர்கள். நம் கடைகளில் பழைய அலுமினிய ஊசி வாங்கினால் அதில் இருப்பது பிரிட்டிஷ் நம்பர், எண் கூடக்கூட ஊசி மெலியும்: 10 என்றால் 3.25 மி.மீ., 9 என்றால் 3.75, 8 என்றால் 4, 6 என்றால் 5. இணையத்தில் இறக்கும் அமெரிக்கப் பேட்டர்னில் எண் கூடினால் ஊசி தடிக்கும்: 6 என்றால் 4 மி.மீ., 8 என்றால் 5. இரண்டிலும் ஒன்றாக வருவது 7 மட்டும்தான், 4.5. பேட்டர்னில் 8 என்று பார்த்து இங்குள்ள 8-ல் பின்னினால் ஒரு மி.மீ. சிறிய ஊசியில் பின்னுகிறீர்கள். எண்ணை மறந்துவிட்டு மி.மீ. அளவுத் தகட்டின் ஓட்டையில் நுழைத்துப் பாருங்கள்.

அடிப்பக்கம் பாவாடை ஆவதற்கும் காரணம் இதே விரிவுதான். நேரே பிரியோஷில் தொடங்கினால் அந்த ஓரத்தைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. 3.25 ஊசியில் இத்தாலியன் காஸ்ட் ஆன், பிறகு 6 செ.மீ. ஒன்று-ஒன்று ரிப் (ஒரு நிட், ஒரு பர்ல்), பிறகு பெரிய ஊசிக்கு மாறி பிரியோஷ். ஸ்டிச் எண்ணிக்கையை மாற்ற வேண்டாம். அதே 79 ஸ்டிச் ரிப்பில் இயல்பாகவே குறுகி நிற்கும், நிட் கோடும் பர்ல் கோடும் நேராக மேலே தொடரும். சிலர் விரியாமலிருக்க காஸ்ட் ஆனை இறுக்கிப் போடுவார்கள். அது இன்னும் மோசம், ஓரம் கயிறு மாதிரி வெட்டும், மேலே துணி பலூனாகும்.

கட்டபெட்டு

கையைப் பற்றி யாரும் பேசவில்லையே. கை 63 ஆனதற்கு மட்டும் அது விரலை மூடாது. தோள் இறங்கிய மாடலில் உடம்பின் அகலமும் கையின் நீளமும் ஒரே கணக்கு. பின்கழுத்தின் நடு எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை, கையைச் சற்று மடக்கி டேப் வையுங்கள். 80 செ.மீ. என்றால், அதில் உடம்பின் பாதி அகலத்தைக் கழித்தது கை. 51-ல் பாதி 25 அரை, கை 54 அரை. உங்கள் முன்பக்கம் 58 ஆனதால் தையல் மேல்கையில் 3 அரை செ.மீ. கூடுதலாக இறங்கிவிட்டது. கை தன் பங்குக்கு 9 செ.மீ. நீண்டது. கூட்டினால் 12 செ.மீ.க்கு மேல். அகலத்தைச் சரிசெய்தாலே கைப் பிரச்சினையில் கால்வாசி போய்விடும்.

புதுக் கைக்கு மணிக்கட்டில் 24 செ.மீ., மேலே 43 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், துவைத்த 15 கேஜில் 37 கூட்டல் ஓரம் 2, ஆக 39-ல் தொடங்கி 67-ல் முடிக்க வேண்டும். பிரியோஷில் ஒரு ஸ்டிச்சைக் கூட்ட முடியாது, மேடு பள்ளம் வரிசை குலையும். ஒரு மேட்டு ஸ்டிச்சை மூன்றாக்க வேண்டும்: சால்வையோடு சேர்த்து நிட் செய்து ஊசியிலிருந்து இறக்காமல், ஒரு யார்ன் ஓவர் (ஊசி மேல் நூலை ஒரு சுற்று), மீண்டும் அதே ஸ்டிச்சில் நிட். அடுத்த ஓட்டத்தில் இந்த மூன்றில் முதலாவதும் மூன்றாவதும் வழக்கம்போல நகர்த்தி நூல் போடப்படும். நடுவில் இருப்பதற்கு இன்னும் சால்வை கிடையாது, அதைத் தனியாக நிட் செய்யுங்கள். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் பக்கத்து ஸ்டிச்சின் நூலை அதோடு சேர்த்துப் பின்னி ஓட்டை விழுகிறது என்பார்கள்.

ஆக ஒரு தடவை கூட்டினால் ஒரு பக்கத்துக்கு 2, இரு பக்கமும் 4. 39-லிருந்து 67-க்கு 28, ஏழு தடவை. கஃப் ரிப் 6 போக 48 செ.மீ., தொங்கவிட்ட கேஜ் 18 அரையில் 89 'வி'. ஒவ்வொரு 11 'வி'க்கும் ஒருமுறை கூட்டினால் 77-ல் ஏழும் முடியும், மீதி 12 'வி' நேராகப் போகட்டும். 11 'வி' என்பது 22 ஓட்டம். கூட்டும் இடத்தை எப்போதும் நல்ல பக்கத்திலேயே, ஓரத்திலிருந்து இரண்டாவது மேட்டில் வையுங்கள். தையலுக்குப் பக்கத்தில் வைத்தால் இணைக்கும்போது மேடு எங்கே தொடர்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

உடம்புக்கு: ரிப் 6, பிரியோஷ் 56, அதே 18 அரையில் 104 'வி', 208 ஓட்டம். மட்டமாக வைத்துப் பார்த்தால் குட்டையாகத் தெரியும், பயந்து இன்னும் நாலு 'வி' போட்டுவிடாதீர்கள். மாட்டிய பிறகுதான் அது 62.

தோளும் பின்கழுத்தும் பாரம் முழுவதையும் சுமக்கும் இடம். அங்கே பிரியோஷை அப்படியே விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் வாரத்தில் இறங்கும். தோளை பைண்ட் ஆஃப் செய்யும்போது (ஸ்டிச்களை முடித்து ஊசியிலிருந்து எடுக்கும்போது) சால்வை உள்ள ஸ்டிச்சை அதோடு சேர்த்தே பின்னி முடியுங்கள், விட்டுவிட்டால் ஓரம் அலையலையாக வரும். பின் இரண்டு தோளையும் பேக்ஸ்டிச்சில் உறுதியாகத் தையுங்கள். உள்பக்கம் ஒரு தோள் நுனியிலிருந்து பின்கழுத்து வழியாக மறு தோள் நுனி வரை குரோஷா ஊசியால் ஸ்லிப் ஸ்டிச் ஒரு வரி போட்டுவிடுங்கள். இந்த ஒரு வரிதான் ஸ்வெட்டரின் எலும்பு.

குன்னூர்_கம்பளி

கைக்கு நான் 18 அரை எடுக்கமாட்டேன். உடம்பு அளவுக்குக் கையில் பாரம் தொங்குவதில்லை, முழங்கை மடியும்போது நீளமும் கொஞ்சம் உள்ளே போகும். மட்டத்தில் 20, தொங்கினால் 18 அரை என்றால் கைக்கு 19. 48 செ.மீ.க்கு 91 'வி' வரும்.

கட்டபெட்டு

இரண்டு 'வி', ஒரு செ.மீ. கஃப்பை மடித்துவிட்டால் போச்சு. ஆனால் ஸூப்பர்வாஷ் (மெஷினில் துவைக்கும்படி பூச்சு கொடுத்த கம்பளி) என்பதால் நான் 18 அரையிலேயே நிற்கிறேன், அது நாளாக ஆக இன்னும் இறங்கும்.

லவ்டேல்_ஊசி

ரொம்ப நன்றி. லேபிளைத் திரும்பப் பார்த்தேன், ஸூப்பர்வாஷ் என்றே இருக்கிறது, ஊசி 4 முதல் 4.5. அப்படியானால் 3.5-ல் புதிதாக சாம்பிள் போட்டுத்தான் 79-ஆ வேறா என்று தெரியும், இல்லையா? இன்னும் மூன்று சந்தேகம். 102 என்று நான் வைத்த அளவே சரியா? இழுபடும் துணிதானே, 96-க்கு 96 வைக்கலாமா? பிரித்த நூலை அப்படியே பின்னலாமா? நான் செய்தது நிட் ஒன்-பிலோ முறை, அதாவது கீழ் வரிசை ஸ்டிச்சில் ஊசி விட்டு எடுப்பது, அதனாலும் அளவு மாறுமா?

வட்டக்கானல்

ஆமாம், 3.5-ல் ஸ்டிச் கூடும். 79 என்பது 15 கேஜுக்கு மட்டும். உதாரணத்துக்கு 16 அரை வந்தால் 51 பெருக்கல் 1.65, 84. ஒற்றைப்படைக்கு 85, ஓரம் 2, ஆக 87. ஏறக்குறைய நீங்கள் முதலில் போட்ட எண்ணே திரும்ப வந்து நிற்கும், ஊசி மட்டும் வேறு!

102-ஐ மாற்ற வேண்டாம். இழுபடும் என்பது உண்மை, ஆனால் மார்பில் இழுபட்டால் மேடுகள் பிரிந்து பள்ளம் வெளியே தெரியும், முன்பக்கம் மேலேறும். துணியின் தடிமனும் இடத்தைத் தின்னும். 6 மி.மீ. தடிமன் என்றால் உள்சுற்றில் சுமார் 2 செ.மீ. போய்விடும். 102 என்பது உள்ளே 100, சட்டைக்கு மேல் 4 செ.மீ. தளர்வு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் உள்ளே இன்னொரு தெர்மல் போடுவாரென்றால் அதையும் போட்டுக்கொண்டு 96-ஐ மறுபடி அளந்து பாருங்கள்.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. கடையில், ஊட்டி திபெத்தியன் மார்க்கெட்டில் தொங்கும் மெஷின் ஸ்வெட்டர்களில் ஃபுல் கார்டிகன் என்ற பின்னல், கட்டுமானத்தில் நம் பிரியோஷேதான். அவரிடம் அப்படி ஒன்று கச்சிதமாகப் பொருந்துவது இருந்தால் மேசையில் இழுக்காமல் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்துவிடுங்கள். சாதாரணப் பின்னல் ஸ்வெட்டரை அளக்காதீர்கள், அது இவ்வளவு தடிமன் இருக்காது.

நிட் ஒன்-பிலோவிலும் கிடைப்பது அதே துணிதான், வழி மட்டும் வேறு. ஆனால் கையின் இறுக்கம் இரண்டிலும் ஒன்றாக இருக்காது. பெரும்பாலும் சால்வை நூலை நாமே போடும்போது அது சற்று நீளமாக விழும், கீழே குத்தி எடுத்தால் கொஞ்சம் இறுகும். எதில் சட்டையோ அதிலேயே சாம்பிள். வட்ட ஊசியில் சுற்றாகப் பின்னுவதானாலும் அப்படித்தான். சுற்றில் ஒரு ஓட்டம் நிட், ஒரு ஓட்டம் பர்ல் என்று மாறி வரும், பர்ல் ஓட்டம் பலருக்குத் தளர்வு. தட்டையாகப் பின்னிய சாம்பிளை வைத்துச் சுற்றுக்குக் கணக்குப் போடக்கூடாது. ஒரு சின்ன யோசனை: பிரியோஷை முறையாகச் சால்வை போட்டே பழகினால் நல்லது, கையில் ஏழு இடத்தில் மூன்றாக்க வேண்டுமே, அது கீழே குத்தும் முறையில் குழப்பும்.

கட்டபெட்டு

பிரித்த நூல் சுருள்சுருளாக இருக்கும், அப்படியே பின்னினால் கேஜ் பொய் சொல்லும், துவைத்ததும் மறுபடி விரியும். நாற்காலி முதுகில் சுற்றி லச்சி ஆக்கி, நாலு இடத்தில் தளர்வாக எட்டு போட்டுக் கட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊறப்போட்டு, பிழிந்து, பாரம் எதுவும் கட்டாமல் தொங்கவிடுங்கள். பாரம் கட்டினால் நூலே நீண்டு நிற்கும், ஸ்வெட்டர் ஆனபின் முதல் துவைப்பில் சுருங்கி உங்களை மீண்டும் ஏமாற்றும். சாம்பிளையும் இந்தப் பிரித்து நனைத்த நூலிலேயே போடுங்கள், புது உருண்டையில் அல்ல.

நூல் போதுமா என்ற கவலை வேண்டாம். 625 சதுர செ.மீ.க்கு 34 கிராம் கணக்கில் உடம்பு 344, கைகள் 197, கழுத்து, தையல், சேதம் என்று பத்து சதவீதம், 600 கிராமுக்குள். பிரிக்கும் ஸ்வெட்டரில் இதைவிட நிறையவே இருக்கும். 3.5-ல் துணி கெட்டிப்படுவதால் பரப்புக்கு நூல் கொஞ்சம் கூடும், அப்போதும் மிஞ்சும். புதிதாக வாங்குபவர்களுக்குச் சொல்கிறேன், ஸ்டாக்கினெட் பேட்டர்னின் நூல் அளவைப் பார்த்து வாங்காதீர்கள், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேண்டும்.

காயவைப்பதும் அளவில் சேரும். துவைத்த ஸ்வெட்டரைத் தூக்கும்போது இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்குங்கள், தோளைப் பிடித்துத் தூக்கினால் அந்த நொடியிலேயே நாலு விரல் நீளும். தலையணை உறைக்குள் போட்டு மெஷினில் ஸ்பின் மட்டும், பிறகு கயிற்றுக் கட்டிலில் பழைய கொசுவலை விரித்து மட்டமாக. அடியிலும் காற்றுப் போகும். கொடியில் போடவே கூடாது, ஹேங்கரில் மாட்டவும் கூடாது, மடித்துத்தான் அலமாரியில் வைக்க வேண்டும். மூடுபனிக் காலத்தில் ஹீட்டர் அறையில் இருக்கலாம், ஆனால் நேர் எதிரே வேண்டாம்.

லவ்டேல்_ஊசி

பிரித்தாயிற்று, லச்சி நனைகிறது. காய்ந்ததும் 3.5-ல் 41 ஸ்டிச் சாம்பிள், துவைத்து ஒரு அளவு, 25 கிராம் மாட்டி ஒரு அளவு. எண்கள் வந்ததும் இதே இழையில் போடுகிறேன், 79-ஆ 87-ஆ என்று பார்த்துச் சொல்லுங்கள்.

குன்னூர்_கம்பளி

25 கிராம் 4 மி.மீ. துண்டுக்குப் போட்ட கணக்கு. புதுத் துண்டை முதலில் தராசில் வையுங்கள். 38 கிராம், அதே 25க்கு 25 என்றால், முன்பக்கம் 192, பங்கு 94, பாதி 47, அதில் 19 கழித்தால் 28 மாட்ட வேண்டும்.